கூடாரக் கணக்கு

நங்கநல்லூரிலிருந்து வேலைக்குப் போக நான் ஏறும் மெட்ரோ நிலையத்துக்கு இரட்டைப் பெயர்: 'ஓடிஏ - நங்கநல்லூர் ரோடு'. ஓடிஏ என்பது பக்கத்துப் பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1962 சீனப் போருக்குப் பிறகு அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். அதற்காக 1963-இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டு, 1988-இல் அகாடமி என்று பெயர் மாறியது. சில நாட்களில் ரயிலில் ஒட்ட முடிவெட்டிய இளைஞர்களும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் எங்களைப் போன்ற ஐடி ஆட்களும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் பால் வாங்கப் போன இடத்தில், வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். "டீம்ல அட்ரிஷன் ஜாஸ்தி சார், அதான் தலைவலி" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "எத்தனை பேர் தம்பி போனாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் ஊழியர்கள் வேறு கம்பெனிக்குத் தாவுவதைச் சொல்கிறேன் என்று புரியவைக்க ஒரு நிமிடம் பிடித்தது. அவர் கற்ற பாடத்தில் அட்ரிஷன் என்றால், எதிரியின் ஆட்களையும் தளவாடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அழிப்பது.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். நாங்கள் 'டிப்ளாய்' செய்கிறோம், சர்வர் படுத்துவிட்டால் 'வார் ரூம்' திறக்கிறோம், 'டார்கெட்' வைக்கிறோம், 'கேம்பெய்ன்' நடத்துகிறோம். எல்லாமே பாசறையில் புழங்கும் சொற்கள். 'ஸ்ட்ராட்டஜி' என்ற சொல்லே கிரேக்க மொழியில் படைத்தலைவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நிர்வாகவியல் படையிடமிருந்து கடன் வாங்கிய பாஷையில்தான் பேசிக்கொண்டிருக்கிறது. கடந்த அறுபது, எழுபது வருடங்களாக அந்தக் கடன் திரும்பிப் போகிறது, வட்டியோடு. படைகள் இப்போது மனிதவளம், திறன் மேம்பாடு, செயல்திறன் மதிப்பீடு என்று பேசுகின்றன.

கார்ப்பரேட் கலாசாரம் ராணுவத்துக்குள் நுழைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் வழக்கமாக அமெரிக்காவிலிருந்து தொடங்குவார்கள். மெட்ராஸ்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஊரில் படையே ஒரு கார்ப்பரேட்டின் சொத்தாகத்தான் பிறந்தது. நம் முன்னோர்கள் அதைக் 'கும்பினி' என்றார்கள். 1748-இல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், கிழக்கிந்தியக் கும்பினியின் காவலாட்களை ஒழுங்கான படையாக மாற்றினார். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பாண்டாகச் சொல்லிக்கொள்வது 1758-ஐ. 1759 பிப்ரவரியில், லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, இதே பரங்கிமலையடியில் சண்டை நடந்தது. பிறகு கும்பினியின் மெட்ராஸ் பீரங்கிப் படைக்கு இதுவே தலைமையிடம். பங்குதாரர்களுக்கு லாபம் காட்ட வேண்டிய ஒரு நிறுவனம், சிப்பாய்களையும் அதே கணக்கேட்டில்தான் எழுதியது.

அந்தக் கணக்கேட்டில் ஒரு பக்கம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதன் பெயர் கூடார ஒப்பந்தம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் படையில் இந்திய சிப்பாய்ப் பட்டாளங்களின் தளபதிகளுக்கு மாதாமாதம் ஒரு படி தரப்பட்டது. பட்டாளத்துக்கு வேண்டிய கூடாரங்கள், அவற்றைச் சுமக்கும் மாடுகள், ஆட்கள் எல்லாவற்றையும் அந்தப் பணத்திலிருந்து அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். போர்க்காலமோ அமைதிக்காலமோ, தொகை ஒன்றுதான். இன்றைய மொழியில் சொன்னால், 'அவுட்கம்'மை ஒப்படைத்துவிட்டோம், எப்படிச் செய்வது என்பது உங்கள் பாடு. கும்பினிக்கு நிர்வாகச் செலவு மிச்சம், அதிகாரிக்குச் சுதந்திரம். எந்த ஆலோசனை நிறுவனமும் மகிழ்ந்து பாராட்டியிருக்கும்.

இதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தவர் படையின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்த ஜான் மன்றோ. (ரயத்துவாரி முறையால் நமக்குத் தெரிந்த தாமஸ் மன்றோ வேறு ஆள். இவர் பிற்பாடு திருவிதாங்கூர் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தவர்.) அவர் கொடுத்த அறிக்கையின் சாரம் எளிமையானது. பட்டாளம் பாளையத்தில் சும்மா இருக்கும்போது கூடாரச் செலவு குறைவு, மிச்சமெல்லாம் தளபதியின் பைக்குள். புறப்படு என்று உத்தரவு வந்த நாளிலிருந்து செலவு ஏறும், மிச்சம் கரையும். அப்படியானால் எப்போதும் போருக்குத் தயாராக இருக்க வேண்டிய ஆளுக்கு, தயாராக இல்லாமல் இருப்பதில்தான் லாபம். ஒரு மனிதனின் கடமையையும் அவன் ஆதாயத்தையும் இந்த ஏற்பாடு எதிரெதிரே நிறுத்துகிறது என்றார் மன்றோ.

1808-இல் ஆளுநர் ஜார்ஜ் பார்லோ ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அதிகாரிகள் கொதித்துப் போனார்கள். பணம் போன வலி ஒருபக்கம். எங்களைத் திருடர்கள் என்கிறாரா என்ற மானப் பிரச்சினை இன்னொருபக்கம். 1809 ஜனவரியில் தலைமைத் தளபதி மெக்டோவல் மன்றோவையே கைது செய்தார், அரசு தலையிட்டு விடுவித்தது. அந்த வருட நடுவில் மசூலிப்பட்டினம், ஹைதராபாத், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று வெள்ளை அதிகாரிகளே கலகத்தில் இறங்கினார்கள். வரலாற்றில் இதற்கு 'வெள்ளைக் கலகம்' என்று பெயர்.

சித்ரதுர்க்கத்திலிருந்து இரண்டு சிப்பாய்ப் பட்டாளங்களை, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கலகக்காரர்களோடு சேர, அவர்களுடைய அதிகாரிகள் நடத்திக்கொண்டு போனார்கள். அரசுக்கு விசுவாசமான குதிரைப்படை வழிமறித்துத் தாக்கியது. வெட்டுப்பட்டுச் செத்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள். கூடாரப் படியில் அவர்களுக்கு ஒரு தம்பிடி பங்கு இருந்ததில்லை. எதற்காகப் போகிறோம் என்பதுகூடத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இதற்கு மூன்று வருடம் முன்னால், 1806 ஜூலையில், புதுத் தலைப்பாகை விதிகளை எதிர்த்து வேலூரில் எழுந்த சிப்பாய்கள் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள். கலகம் செய்த வெள்ளை அதிகாரிகளில் பெரும்பாலோருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது.

மன்றோவைக் கணக்குக்கு எதிரானவர் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரே கணக்குப் பார்த்துத்தான் ஓட்டையைக் கண்டார். அரிசி மூட்டை, மாடு, தோட்டா, எரிபொருள் இவற்றை எண்ணாமல் எந்தப் படையும் நகராது. மனிதனை உள்ளிருந்து இயக்கும் விசையாக ஆதாயத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியை வாஷிங்டனில் யாராவது படித்திருக்கலாம். ஃபோர்டு கம்பெனியின் தலைவராக இருந்த ராபர்ட் மெக்னமாரா 1961-இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ஆனார். எண்ணில் அடங்குவதெல்லாம் நிர்வாகத்துக்கும் அடங்கும் என்று நம்பிய தலைமுறை. வியட்நாமில் முன்னேற்றத்தை எப்படி அளப்பது? முன்னே பின்னே நகரும் போர்முனைக் கோடு அங்கே கிடையாது. ஆகவே கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கை அளவுகோலானது. அதிகாரியின் பதவி உயர்வுக்கும் அதுவே உதவியது. எண் கூடியது. செத்த விவசாயியும் எதிரிக் கணக்கில் ஏறினான். அங்கே பணியாற்றிய ஜெனரல்களிடம் டக்ளஸ் கின்னார்ட் என்ற ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரல் பிற்பாடு கருத்து கேட்டார். பாதிப்பேருக்கு மேல் அந்த எண்கள் ஊதிப் பெருக்கப்பட்டவை என்றார்கள். 1977-இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே 'போர் மேலாளர்கள்' என்று பொருள்படும்.

இந்தியாவில் 1970-இல் செகந்திராபாத்தில் பாதுகாப்பு மேலாண்மைக் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது, 1980-இல் அது கல்லூரியாகப் பெயர் மாறியது. முப்படைகளின் மூத்த அதிகாரிகள் அங்கே மேலாண்மை படிக்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் பேர் இருக்கும் ஒரு ராணுவத்துக்குச் சப்ளை செயின் தெரியாமல் சியாச்சினில் சோறு போட முடியாது. 2021 அக்டோபரில் 41 ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. நம் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' போட்ட ஒரு நிறுவனத்தின் கீழ் வந்தது. டாங்கி செய்வதற்கு லாப நட்டக் கணக்கு பொருந்துமா என்று வாதாடலாம், ஆனாலும் அது பொருள் பற்றிய வாதம்.

எனக்கு உறுத்துவது 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத். அரசின் வாதங்களைத் தள்ளிவிட முடியாது. அந்த வருடப் பாதுகாப்பு பட்ஜெட் சுமார் 5.25 லட்சம் கோடியில் ஓய்வூதியம் மட்டும் ஏறக்குறைய 1.2 லட்சம் கோடி. சிப்பாய்களின் சராசரி வயது 32. அதை 26-ஆகக் குறைக்க வேண்டும். இரண்டும் நிஜமான பிரச்சினைகள். திட்டத்தின் மொழியைப் பாருங்கள்: நான்கு வருடம், திறன் சான்றிதழ், வெளியேறும்போது சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. அறிவித்த சில நாட்களில் ஆனந்த் மஹிந்திரா, வெளியே வரும் அக்னிவீரர்களை வேலைக்கு எடுத்துக்கொள்வோம் என்றார். நல்லெண்ணம்தான். ஆனால் சேரும்போதே வெளியேறும் கதவைக் காட்டும் பாஷை எங்கள் துறையில் பிறந்தது.

அதைவிட முக்கியமானது, நால்வரில் அதிகபட்சம் ஒருவர் மட்டுமே நிரந்தரம் என்பது. எங்களுக்கு இது பழகிய பண்டம், 'பெல் கர்வ்' என்போம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் பிரபலப்படுத்தினார்: மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10, அந்தப் பத்துக்கு வாசல். மைக்ரோசாஃப்டும் இப்படித்தான் தரம் பிரித்தது. 2013-இல் கைவிட்டது. ஏன் என்று எந்தப் புரோகிராமரும் சொல்வான். பக்கத்து நாற்காலிக்காரன் தடுக்கி விழுந்தால் உன் ரேட்டிங் ஏறும் என்றால், அவன் கோடில் இருக்கும் பிழையைக் கண்டும் காணாமல் இருக்கத் தோன்றும். நானே ஒரு அப்ரைசல் சீசனில் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு பக்கம் தாமதமாக லோட் ஆனது, வேறொன்றும் ஆகவில்லை. எல்லைக் காவலில் அந்த மௌனத்தின் விலை வேறு.

மதிப்பீட்டுத் தாள் நடுநிலையானது என்ற நம்பிக்கையையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தாயிற்று. பரங்கிமலை அகாடமியில் 1992-இலிருந்து பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நிரந்தரப் பணி தரச் சொன்னதும், ராணுவம் அவர்களுடைய பழைய ஆண்டறிக்கைகளை எடுத்து மதிப்பெண் போட்டது. இவர்கள் எப்படியும் போய்விடுவார்கள் என்ற எண்ணத்தில் ஏனோதானோவென்று எழுதப்பட்ட அறிக்கைகள் அவை. 2021 மார்ச்சில் நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டி, வெளியே சமமாகத் தெரிந்த அந்த அளவுகோல் உள்ளே பாகுபாடானது என்றது. போய்விடப் போகிறவர் என்று முன்பே முடிவு செய்யப்பட்டவரை எப்படி அளப்பார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம். இப்போது சிப்பாய்களில் நால்வருக்கு மூவர் அந்த இடத்தில் இருக்கிறார்கள்.

கம்பெனி என்ற சொல்லுக்கு லத்தீனில் சேர்ந்து ரொட்டி தின்பவர்கள் என்று வேர். வணிக நிறுவனத்துக்கும் நூற்றுச் சொச்சம் சிப்பாய்கள் கொண்ட படைப்பிரிவுக்கும் அதுவே பெயர். நம்மிடமும் செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் உண்டு. அதைப் புனிதப்படுத்த எனக்கு ஆசையில்லை. சோறு போட்டவனுக்காகச் சாகச் சொல்லும் சொல் அது. வேறு பிழைப்பு இல்லாதவன்தான் பெரும்பாலும் அந்தச் சோற்றைத் தின்றான். இருந்தாலும் அதில் ஒரு கணக்கு தீராமல் நின்றது. சோறு போட்டவனும் கடைசிவரை கடன்பட்டான். செட்டில்மென்ட் தொகையைக் கொடுத்து அந்தக் கடனை மூடிவிடலாம் என்று எந்தச் செஞ்சோறும் சொல்லவில்லை.

சுபேதாரின் சொந்தக்காரப் பையன் ஒருவன் வேலூர்ப் பக்கத்திலிருந்து அக்னிவீரனாகப் போயிருக்கிறான். போன வாரம் அவனைப் பற்றிக் கேட்டேன். நன்றாக ஓடுகிறானாம், நன்றாகச் சுடுகிறானாம். இருபத்தைந்து சதவீதத்துக்குள் வந்துவிடுவான் என்று அவன் அம்மா நம்புகிறாளாம்.

"வந்துடுவான் சார்" என்றேன்.

"வரட்டும் தம்பி. எங்க காலத்துல செக்ஷனுக்குப் பத்துப் பேர். ராத்திரி ரோந்துல எவனாவது தடுக்கி விழுந்தா, தூக்கிவிட ஒன்பது கை வரும்" என்றார். பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இப்பவும் வரும். பசங்க நல்ல பசங்க. ஆனா அவனுங்களை அதுக்காக யோசிக்க வைக்கக் கூடாது இல்ல?"

மன்றோ அறிக்கையில் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்.