மொழி தெரியாத ஊரில் நோயாளி: செவிலியர் அறிய வேண்டியதும் நாம் சொல்ல வேண்டியதும்

பிழைப்புக்காக ஊர் விட்டுப் போனவர் நோயில் விழுந்தால் சுமை இரண்டு. ஒன்று நோவு, மற்றது அதை எடுத்துச் சொல்ல மொழி இல்லாதது. வளைகுடாவில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்து எழுந்த நம் சகோதரர்களுக்கு இது நன்கு தெரியும்.

இன்று அதே நிலையில் நம் வாசலிலேயே பலர் இருக்கிறார்கள். திசையன்விளைக்குத் தென்மேற்கே கூடங்குளத்தில் 3-ஆம் அணு உலையின் கட்டுமானம் 2017-லும், 5-ஆம் உலையின் கட்டுமானம் 2021-லும் தொடங்கின. அங்கு உழைப்பவர்களில் வடமாநிலத்தவர் ஏராளம். 2020 மே மாதப் பொதுமுடக்கத்தில் ஊர் திரும்ப வழி கேட்டு அவர்கள் போராடியது நினைவிருக்கும். அவர்களுக்குக் காய்ச்சல் என்றாலும் கை முறிந்தாலும், நம் பகுதி மருத்துவமனையில் பக்கத்தில் நிற்பவர் செவிலியரே.

மூன்று வழிகள்

அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர், 1950-களில் மனநலம் குன்றிய குழந்தைகளைக் கவனித்தபோது, ஒரே கவனிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துவரவில்லை என்று கண்டார். பிறகு மானுடவியல் படித்து, நியூ கினி மலைமக்களோடு தங்கி ஆராய்ந்து, பண்பாடு அறிந்த செவிலியத்தைத் தனித் துறையாக வளர்த்தார். அவர் காட்டிய வழிகள் மூன்று.

1. பேணுதல்: தீங்கில்லாத வழக்கத்தை அப்படியே விடுவது. பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்வதும், நோயாளி படுத்தபடியே தொழுவதும் இதில் சேரும்.

2. இணங்குதல்: சிகிச்சையைக் கொஞ்சம் மாற்றி அமைப்பது. மருத்துவர் சம்மதித்தால் ரமளானில் மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாம். சர்க்கரை 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவு வழிகாட்டல். நோயாளிக்கு மார்க்கமும் சலுகை தந்திருக்கிறது.

3. மாற்றுதல்: கெடுதலான வழக்கத்தைப் பக்குவமாக விடச் செய்வது. பிறந்த குழந்தைக்குத் தேனும் சீனித் தண்ணீரும் சேனை வைப்பது நம் பக்கத்து வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்து. பாட்டியை அதட்டினால் அவர் மறைவாக வைப்பார். உட்கார வைத்து விளக்கினால் கேட்பார்.

ஊகம் வேண்டாம், கேளுங்கள்

முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று எண்ணுவதும் தவறு. வங்காள முஸ்லிமின் சாப்பாடு வேறு, நம் சாப்பாடு வேறு. "உங்களுக்கு எது ஒத்துவரும், எது ஆகாது?" என்று கேட்பதே இத்துறையின் முதல் பாடம்.

மொழிபெயர்ப்பில் கூடுதல் கவனம் தேவை. மேஸ்திரியை வைத்துப் பேசினால், வேலையில் பட்ட அடியைத் தொழிலாளி மறைத்துவிடலாம். வீட்டுப் பிள்ளையை வைத்துப் பேசினால் தாய் தன் நோயைச் சொல்லக் கூசுவார். நோயாளியின் மொழி தெரிந்த, அவர் மேல் அதிகாரம் இல்லாத ஒருவரே இதற்கு ஏற்றவர்.

நம் பொறுப்பு

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் நோயாளியுடன் இன்னொரு பெண் இருக்கும் உரிமையைச் சொல்கிறது. நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விவரம் சொல்லவும் அது வலியுறுத்துகிறது. நம் குடும்பங்கள் இதைத் தயக்கமின்றிக் கேட்கலாம். நோன்பு, உணவு, பர்தா பற்றிய தேவைகளை அட்மிஷன் போடும்போதே சொல்லிவிட்டால், பிறகு மனக்கசப்பு வராது.

இந்தி அல்லது உருது தெரிந்த நம் பிள்ளைகளும் ஆலிம்களும் வாரம் ஒரு மணி நேரம் மருத்துவமனையில் உதவினால், அந்நியருக்கு அது பெரிய ஆறுதல். அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காகவே நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்தார்கள். அவருக்குப் பணிவிடை செய்தவர் ருஃபைதா (ரலி) என்பது வரலாறு.

நம் மகன் வெளிநாட்டில் நோயில் விழுந்தால் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படியே இங்கு வந்தவரையும் நடத்த அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.