கல்கத்தாவுக்குப் போன ரெண்டு பேரும், என் ஒட்டுத்துணிப் பையும்

பழைய சேலையை வெட்டி ஒட்டுப் போட்டுத் தைக்கிற கிறுக்கு எனக்கு உண்டுங்கறது பழகினவங்களுக்குத் தெரியும். 'குவில்ட்'னு ஸ்டைலா சொல்லிக்கலாம். எங்க அப்பத்தா அதை ஒட்டுத்துணிப் போர்வைன்னு தான் சொல்லும். அமெரிக்காவுல இந்த வேலை செய்யிற பொம்பளைங்க காரை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா கிளம்பிருவாங்களாம். ஒரு ஊர்ல சிநேகிதி வீடு, அடுத்த ஊர்ல தையல்காரங்க சங்கம், அதுக்கடுத்த ஊர்ல ரெண்டு நாள் வகுப்பு. படிக்கப் படிக்க வயித்தெரிச்சல். நாமளும் போனா என்னன்னு தோணுச்சு. போனேன். மதுரையில இருந்து திருமங்கலம், விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி. மொத்தமே எழுபது கிலோமீட்டர் சொச்சம். அவங்க ஊர்ல இதைப் பயணம்னே ஒத்துக்க மாட்டாங்க, பரவாயில்லை.

சிவகாசியில காலேஜ் சிநேகிதி ஒருத்தி இருக்கா. அவ வீட்டுல ரெண்டு நாள் தங்கி, அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களோட உக்காந்து தைக்கிறதுன்னு ஏற்பாடு. கார்ல பை நிறைய துண்டுத்துணி. டிரைவர் தம்பி "அக்கா, கடை வைக்கப் போறீங்களா?"ன்னு கேட்டுட்டார்.

விருதுநகர்ல எண்ணெய் பரோட்டாவுக்கு நிறுத்தினோம். (காலையில பத்தரை மணிக்கு யாரு பரோட்டா போடுவான்? பஜார்ல காபி தான் கிடைச்சது.) காபி குடிச்சுக்கிட்டே நின்னப்போ, ஒரு தொழிலைக் கத்துக்கறதுக்காக வீட்டை விட்டுக் கிளம்பின கதைன்னா இந்த ஜில்லாவுலயே பெரிய கதை ஒண்ணு இருக்கேன்னு தோணுச்சு. அதுலயும் இதே மூணும் வருது. சிநேகிதம், சங்கம், வகுப்பு.

சங்கத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நின்ன இடம் விருதுநகர். அப்போ அது விருதுபட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டுல தெக்க இருந்து மாட்டுவண்டியில கருப்பட்டி, உப்பு, கருவாடுன்னு ஏத்திக்கிட்டு வியாபாரத்துக்கு வந்த நாடார்களுக்கு வழியில திருடன் பயம். அதனால ஊருக்கு ஊர் சுத்துச்சுவர் வச்ச பேட்டை கட்டினாங்க. ராத்திரி வண்டி, மாடு, சரக்கு எல்லாம் உள்ளே. பேட்டையை நடத்த சரக்குக்கு இவ்வளவுன்னு மகமை. மகமையை வச்சு நிர்வாகம் பண்ண உறவின்முறை. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை, இந்த ஆறு ஊரும் அப்படி வளர்ந்தது தான். ஹார்ட்கிரேவ்னு ஒரு அமெரிக்கர் 1969ல் நாடார்கள் பத்தி எழுதின புத்தகத்துல இதெல்லாம் விலாவாரியா இருக்கு.

மகமைப் பணம் அப்புறம் கோயிலுக்குப் போச்சு, கிணத்துக்குப் போச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889ல் ஆரம்பிச்சது. வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வச்சு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த ஊர் இது. காமராஜர் படிச்சது அங்கே தான். ஆளாளுக்கு ஒரு துண்டு குடுத்து ஒரு போர்வையாத் தைக்கிற மாதிரின்னு எழுத கை துறுதுறுங்குது. வேண்டாம், ரொம்ப இழுக்கக் கூடாது :-)

இது ஏதோ சொகுசுல வந்த ஒற்றுமைன்னு நெனச்சுராதீங்க. 1899 ஜூன் 6ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினாங்க. கோயில் நுழைவுத் தகராறுல ஆரம்பிச்சது வீடுகளை எரிக்கிறது, கொலை வரைக்கும் போச்சு. அப்படி எரிஞ்ச ஊர்ல இருந்து, 23 வருஷம் கழிச்சு, ரெண்டு பேர் நெருப்புப் பத்த வைக்கிற தொழிலைக் கத்துக்கக் கிளம்பினாங்க.

ப. அய்ய நாடார், அ. சண்முக நாடார். ஒண்ணுவிட்ட சகோதரர்கள். வருஷம் 1922. மழை பெய்ஞ்சா வெள்ளாமை, இல்லாட்டி இல்லைங்கற கரிசக்காட்டு ஊர். வேற என்ன தொழில் செய்யலாம்னு தேடி அவங்க போனது கல்கத்தாவுக்கு.

இந்தப் பயணத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அப்போ சிவகாசிக்கு ரயிலே கிடையாது. விருதுநகர் - தென்காசி பாதை போட்டது 1927ல் தான். மதுரை - தூத்துக்குடி லைன் மட்டும் 1876ல இருந்து இருந்துச்சு. அதனால முதல்ல விருதுநகர் இல்லாட்டி சாத்தூர் போய்ச் சேரணும். அங்கேருந்து மீட்டர் கேஜ்ல மெட்ராஸ் எழும்பூர். மூட்டையைத் தூக்கிக்கிட்டு சென்ட்ரல். அப்புறம் ஆந்திரா, ஒரிஸாவெல்லாம் தாண்டி ஹௌரா. நான் ஏசி கார்ல எழுபது கிலோமீட்டர் வந்துட்டு இடுப்பு வலிக்குதுன்னேன்.

சரி, ஏன் கல்கத்தா? 1905ல வங்கப் பிரிவினைக்கு அப்புறம் சுதேசி வேகம் அங்கே கொழுந்து விட்டு எரிஞ்சது. சோப்பு, பேனா, தீப்பெட்டின்னு எல்லாத்தையும் நாமளே செய்யணும்ங்கற வெறி. 1910 வாக்குல கல்கத்தாவுல குடியேறின ஜப்பான்காரங்க சிலர் சின்னச் சின்னக் கருவிகளை வச்சு தீப்பெட்டி செய்ய ஆரம்பிச்சாங்க. உள்ளூர்க்காரங்க கூட நின்னு பார்த்துக் கத்துக்கிட்டாங்க. முதல் உலகப் போர்ல ஸ்வீடன் தீப்பெட்டி வர்றது நின்னு போனப்போ, கல்கத்தாச் சரக்கும் ஜப்பான் சரக்கும் தான் நம்ம அடுப்பைப் பத்த வச்சது. 1922ல வெள்ளைக்கார சர்க்கார் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியை ஏத்தினதும், உள்ளூர்ல செஞ்சா கட்டுபடியாகும்னு ஆச்சு.

அங்கே பூர்ண சந்திர ராய்னு ஒரு வங்காளி. தீப்பெட்டித் தொழில் தெரிஞ்ச வியாபாரி. அவர்கிட்ட தான் நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் எட்டு மாசம் தங்கிக் கத்துக்கிட்டாங்க.

இந்த ராயைப் பத்தி சிவகாசி வரலாறு எழுதுறவங்க எல்லாரும் ஒரு வரி எழுதிட்டுப் போயிடுறாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. தையல் வகுப்புக்கு அலைஞ்சவளுக்குத் தான் தெரியும், சொல்லிக் குடுக்கிற மனசு எவ்வளவு அபூர்வம்னு. பணம் கட்டிப் போன ஒரு வகுப்புல, ஊர் பேரைச் சொல்ல மாட்டேன், மூலை மடிக்கிற இடம் வந்ததும் அந்தம்மா துணியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க! தீப்பெட்டி அதை விடச் சங்கதி நிறைஞ்ச தொழில். குச்சி முனையில பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை. பெட்டி ஓரத்துல சிவப்பு பாஸ்பரஸ். குச்சியை மருந்துல முக்கறதுக்கு முன்னாடி மெழுகு. பசை எவ்வளவு கெட்டியா இருக்கணும், எவ்வளவு நேரம் காயணும்... இதையெல்லாம் புத்தகத்துல படிச்சு வர வைக்க முடியாது, கூட நின்னு கை பழகணும். தப்பு பண்ணா விரல் போகும். மொழி தெரியாத ரெண்டு தமிழ்ப் பையன்களுக்கு அதைக் கத்துக் குடுத்திருக்கார் மனுசன்.

திரும்பி வந்து, 1923ல் ஜெர்மன் மெஷின் வச்சு சிவகாசியில தீப்பெட்டி ஆரம்பிச்சாங்க. 1926ல ரெண்டு பேரும் பிரிஞ்சு தனித்தனியா. அய்ய நாடாரோடது அணில் மார்க், சண்முக நாடாரோடது காக்கா மார்க். அவரைக் காக்கா சண்முக நாடார்னே ஊர் கூப்பிட்டுச்சு. அதே 1923ல தான் ஸ்வீடன் கம்பெனி இந்தியாவுல விம்கோவை ஆரம்பிச்சு பெரிய மெஷின்களோட இறங்குச்சு. அவ்வளவு பெரிய கம்பெனி முன்னாடி சிவகாசி எப்படி நின்னுச்சுன்னா, கையால தான். மழை குறைஞ்ச, காஞ்ச காத்து. குச்சி காயறதுக்கு அடுப்பே வேண்டாம். கேரளத்துல இருந்து மரம். கூலி கம்மி. மெஷின் வாங்கறதுக்குத் தான் முதல் வேணும், கைவேலையைப் பக்கத்துல உக்காந்து பார்த்தே கத்துக்கலாம். அதனால தொழில் ரெண்டு குடும்பத்தோட நிக்காம சாத்தூர், கோவில்பட்டி வரைக்கும் பரவுச்சு.

பெட்டிக்கு மேல ஒட்ட லேபிள் வேணும், அதுக்கு அச்சகம் வந்துச்சு. அச்சகம் வந்ததும் காலண்டர், டைரி. மருந்து தெரிஞ்ச கைக்குப் பட்டாசு ரொம்ப தூரமில்ல. ரெண்டாம் உலகப் போர்ல வெளிநாட்டுச் சரக்கு நின்னதும் அதுவும் ஓகோன்னு போச்சு. 1942ல் ஸ்டாண்டர்ட். 'குட்டி ஜப்பான்'னு நேரு சொன்னதாச் சொல்லுவாங்க. சொன்னாரோ இல்லையோ, ஜப்பான்காரன் கல்கத்தாவுல காட்டின கைவேலை தான் ராய் வழியா இங்கே வந்துச்சுங்கறப்போ பேரு பொருத்தம் தான்.

இது வரைக்கும் எல்லா ஆண்டு மலர்லயும் இருக்கிற கதை. இதை இங்கேயே முடிச்சிருந்தா எனக்கும் நிம்மதி.

சிநேகிதி வீட்டுத் திண்ணையில மத்தியானம் ஆறு பொம்பளைங்க சேர்ந்தோம். நான் தான் டீச்சர்! நாலு மூலைத் துண்டை எப்படி அடுக்கணும், எந்த நிறத்துக்குப் பக்கத்துல எந்த நிறம்னு பீத்திக்கிட்டிருந்தேன். சிநேகிதியோட அத்தை, எழுபதைத் தொட்டவங்க, ஓரமா உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல கையை நீட்டி, "இங்கிட்டுக் குடு தாயி"ன்னாங்க. நான் ஒரு வரிசை அடுக்கறதுக்குள்ள அவங்க மூணு வரிசை. ஒரு நூல் பிசகல.

"எப்படி அத்தை?"

"கட்டை அடுக்குன கைல்ல இது."

தெரியாதவங்களுக்கு: கட்டைன்னா தீக்குச்சி அடுக்கற சட்டம். பள்ளம் வெட்டின ரீப்பர் ஒவ்வொண்ணுலயும் ஐம்பது சொச்சம் குச்சி நட்டு, அப்படி ஐம்பது சொச்சம் ரீப்பரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா ஒரு கட்டை. அதை அப்படியே மருந்துல முக்குவாங்க. கூலி கட்டைக் கணக்கு.

"யாரு அத்தை சொல்லிக் குடுத்தா?"

"என்னத்தச் சொல்லிக் குடுக்க. எங்காத்தா பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஏழு வயசிருக்கும். விடியக்காலம் வண்டி வரும், தூக்கக் கலக்கத்தோட ஏத்திவிட்ருவாக. பள்ளியோடம் போற பிள்ளைகளை வண்டியில இருந்து பாப்பேன்."

நான் வாயை மூடிக்கிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ்னு தான் இந்தப் பக்கம் சொல்லுவாங்க, ஆலைன்னு சொல்ல மாட்டாங்க. ஆபீசுக்குப் போற ஏழு வயசுப் பிள்ளை! சலம் பென்னூர்கர் 1990ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தை நான் முன்னாடி பார்த்திருக்கேன். பார்த்துட்டு உச்சுக் கொட்டினதோட சரி. 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வச்ச முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும்னு சொல்லுச்சு. அந்த வழக்கே சிவகாசியை வச்சு ஆரம்பிச்சது தான். அப்புறம் நிலைமை நிறைய மாறுச்சு, அதையும் சொல்லணும். சிநேகிதி தெருவுல காலையில வேன் வந்தது, உள்ளே எல்லாம் யூனிபார்ம். ஆனா அத்தைக்கு அந்தச் சட்டம் வந்தப்போ முப்பது வயசு தாண்டிருச்சு.

கத்துக்கறதுல ரெண்டு தினுசு இருக்கு போல. ரெண்டு பேர் ரயிலேறிப் போய்க் கத்துக்கிட்டாங்க. அது வரலாறு ஆச்சு, காலேஜுக்குப் பேர் ஆச்சு (அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1963). அவங்க கொண்டு வந்ததை ஆயிரமாயிரம் பொம்பளைங்க, பிள்ளைங்க படிப்பை விட்டுட்டுக் கத்துக்கிட்டாங்க. அவங்க கை இல்லாட்டி விம்கோ முன்னாடி நின்னிருக்க முடியாது. பிடியரிசி குடுத்துப் பள்ளிக்கூடம் கட்டின அதே சீமையில இதுவும் நடந்துச்சுங்கறது தான் எனக்குச் செரிக்க மாட்டேங்குது. அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் குறைச்சுச் சொல்றதுக்காக இதை எழுதல. பட்டினிக்கும் வேலைக்கும் நடுவுல நின்ன ஊருக்கு அவங்க சோறு போட்டாங்க, அதை ஊர்ல யாரும் மறுக்க மாட்டாங்க. அத்தையும் மறுக்கல. "அது இல்லாட்டி கஞ்சி ஏது?"ன்னு தான் சொன்னாங்க.

சாயங்காலம் காபிக்கு அப்புறம் அத்தை ஒரு பழைய நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. பக்கம் பக்கமா தீப்பெட்டி லேபிள். அணில், காக்கா, கோழி, தாமரை, எரோப்ளேன். சின்ன வயசுல ஆபீஸ்ல கீழ கிடந்ததைப் பொறுக்கி, பசை போட்டு, நிறம் பார்த்து ஒட்டினது. சிவப்புக்குப் பக்கத்துல மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்துல நீலம், மூலைக்கு மூலை ஒரு கறுப்பு. நான் காலையில இருந்து பாடம் நடத்தினேனே, அது அத்தனையும் அதுல இருந்துச்சு.

கல்கத்தாக் கதையை அவங்ககிட்ட சொன்னேன். காக்கா முதலாளி கத்துக்கிட்டு வந்தது தெரியும், யாருகிட்டேன்னு தெரியாதுன்னாங்க. வங்காளத்துப் பொம்பளைங்களும் நம்மள மாதிரி பழைய சேலையை அடுக்கித் தைப்பாங்க, அதுக்குக் காந்தான்னு பேரு, நம்ம கந்தைக்குச் சொந்தக்கார வார்த்தைன்னும் சொன்னேன். அது பிடிச்சுப் போச்சு.

"அந்த வாத்தியாரு பேரு என்ன சொன்ன?"

"பூர்ண சந்திர ராய்."

"பூரண சந்திரரு"ன்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் என் பையைக் கவுத்தி, துண்டுத்துணியை நிறம் நிறமாப் பிரிக்க ஆரம்பிச்சாங்க.

கிளம்பும்போது பாதி முடிஞ்ச போர்வையை என்கிட்டக் குடுக்கல. "இது இங்கன கெடக்கட்டும். அடுத்த மட்டம் வாறப்போ கறுப்புத் துணி கூடக் கொண்டா, மூலைக்குப் பத்தல"ன்னாங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒரு நடை போகணும்.