பம்பாயில் ஒலித்த கீழ்நாதம்



அகில இந்திய வானொலியின் நிலைய இசையை அறியாதார் நம்மில் எவரும் இலர். 1934-ல் பிராகா நகரிலிருந்து பம்பாய்க்கு வந்து அடைக்கலம் புகுந்த வால்டர் காஃப்மன் என்னும் இசைவாணர் அமைத்த இசை அது. அதில் வயலின் பாடிச் செல்கிறது. அதன் கீழே தம்பூரா இடைவிடாது நின்று ஒலிக்கிறது. மேலே உலவும் பண்ணைச் செவிமடுப்போர் பலர். அதனைக் கீழிருந்து தாங்கும் நாதத்தை நினைப்போர் சிலரே. அந்தக் கீழ்நாதம் நம் காலத்தில் மின்கருவியினின்று எழுந்த வரலாற்றையும், அவ்வரலாற்றில் பம்பாய்க்கு உள்ள பங்கையும் இன்று ஆராய்வோம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் இளைஞர் சிலர் சைக்கடெலிக் டிரான்ஸ் என்னும் இசையை விரும்பிக் கேட்கின்றனர். சுருக்கமாக அதனைச் சைடிரான்ஸ் என்பர். வீட்டிலுள்ள பெரியோர்க்கு அது வெறும் இரைச்சலாகவே படுகிறது. சுருதியும் இல்லை, லயமும் இல்லை என்று கடிந்துரைப்போரும் உளர். தீர்ப்புக் கூறுமுன் அதன் அடித்தளம் எவ்வாறு அமைகிறது என்று காண்பது முறையாகும்.

அவ்விசையின் வேகம் பெரும்பாலும் நிமிடத்திற்கு 140 முதல் 148 அடிகள். 145 அடிகள் எனக் கொண்டால் ஓர் அடிக்கு அரை நொடியினும் குறைவான காலமே கிடைக்கிறது. அந்த ஓர் அடியும் நம் சதுச்ர நடையைப் போல் நான்காகப் பகுக்கப்படுகிறது. ஒரு பகுதி ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ‘தகதிமி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘த’ விழும் இடத்தில் முரசொலி. ‘க’, ‘தி’, ‘மி’ என்னும் மூன்றிலும் கீழ்ஸ்தாயி நாதம். ஒரு பாட்டு முழுவதும் இக்கட்டு மாறாது ஓடுகிறது. அந்நாதமும் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில், நொடிக்கு நாற்பது ஐம்பது அதிர்வுகள் கொண்ட ஆழத்தில், நிலைத்து நிற்கிறது. சுருதி இல்லை என்று நாம் குறைகூறும் இசை, உண்மையில் ஒரு சுருதியையே பற்றிக்கொண்டு நிற்பது வியப்பன்றோ?

இந்நாதத்தைப் படைக்கும் முறையும் நுட்பமானது. சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் முதலில் ரம்பப்பல் வடிவம் கொண்ட அலை ஒன்றை எழுப்புவர். அடிப்படை ஸ்வரத்தோடு அதன் மேலதிர்வுகள் யாவும் அவ்வலையில் செறிந்திருக்கும்; ஆதலின் அது கரடுமுரடாக ஒலிக்கும். பின்னர் அதனை ஒரு வடிகட்டியின் வழியே செலுத்தி, மேலதிர்வுகளைக் குறைப்பர். ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் அவ்வடிகட்டி கணநேரம் திறந்து உடனே மூடிக்கொள்ளும். அதனால் மிருதங்கத்தில் விரல் பட்டாற்போன்ற ஒரு தட்டொலி முன்னும், ஆழ்ந்த கார்வை பின்னுமாக நாதம் பிறக்கிறது. அக்கார்வை அடுத்த முரசொலி விழுமுன் அடங்கிவிடல் வேண்டும். அடங்காவிடில் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். ஆதலால் ஸ்வரத்தின் நீளத்தை நொடியின் நூற்றிலொரு பங்குவரை அளந்து அமைப்பர்; ஒவ்வொரு ஸ்வரத்திலும் அலை ஒரே புள்ளியினின்று தொடங்குமாறும் செய்வர். நாதத்தைப் போலவே இடையிலுள்ள மௌனமும் இங்கு கணக்கிடப்படுகிறது. லயம் இல்லை என்ற குற்றச்சாட்டும் இவ்வாறு நில்லாது போகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். மின்னிசை நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சின்தசைசர் ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடர் அதனை அமைத்துத் தந்தார். கீதா சாராபாய் முதலிய இந்தியர் அதில் சோதனைகள் நிகழ்த்தினர். அப்பதிவு நாடாக்கள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2023-ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்டு 1981-ன் இறுதியில் டிபி-303 என்னும் சிறு கருவியை வெளியிட்டது. தடாவோ கிகுமோட்டோ என்பார் அதனை வடிவமைத்தார். தனியே பயிலும் கிதார்க் கலைஞர்க்குப் பக்கவாத்தியமாகக் கீழ்ஸ்தாயியை வாசித்துத் தருவதே அதன் நோக்கம். பதினாறு இடங்களில் ஸ்வரங்களைப் பதித்துவிட்டால் அது தானே சுழன்று வாசிக்கும். ஆனால் அதன் ஒலி உண்மையான பேஸ் கிதாரை ஒத்திருக்கவில்லை, வாங்குவார் குறைந்தனர், 1984-ல் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ 10,000 கருவிகளே செய்யப்பட்டன.

அக்கருவிகளுள் ஒன்றைச் சிங்கப்பூரில் வாங்கிப் பம்பாய்க்குக் கொணர்ந்தவர் சரண்ஜித் சிங். அவர் இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்த கலைஞர். சங்கர்–ஜெய்கிஷன், ஆர். டி. பர்மன் முதலிய இசையமைப்பாளர்களின் பதிவுகளில் அவருடைய கைவண்ணம் உண்டு. திரையுலகெங்கும் டிஸ்கோ தாளம் முழங்கிய காலம் அது. அத்தாளத்தையே வைத்து வேறொன்று செய்தாலென்ன என்று அவர் எண்ணினார். தபலாவை விலக்கி, டிஆர்-808 என்னும் தாளக்கருவியை அமர்த்தினார். ஜூபிடர்-8 என்னும் சின்தசைசரில் ராகத்தை வாசித்தார். கீழ்நாதத்தை டிபி-303-க்கு விட்டார். 1982-ல் பத்து ராகங்கள் பதிவாயின. ‘சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்னும் பெயரில் எச்.எம்.வி. இசைத்தட்டாக அவை வெளிவந்தன.

அப்பத்து ராகங்களில் பல நமக்கு அயலானவை அல்ல. பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமன் நம் கல்யாணிக்கு நெருங்கிய உறவு. பைராகி நம் ரேவதி. கலாவதி நம் வலஜி. அவர் வாசித்த தோடி நம் தோடியன்று. சுபபந்துவராளியின் ஸ்வரங்களைக் கொண்டது. ஒரு ஸ்வரத்தினின்று மற்றொன்றுக்கு அறுபடாமல் வழுக்கிச் செல்லும் வசதி அக்கருவியில் உண்டு. மேலைநாட்டார் அதனை ஒரு விசித்திரமாகக் கருதினர். நம் செவிக்கோ அது ஜாரு என்னும் கமகத்தை நினைவூட்டுகிறது.

இசைத்தட்டு வெளிவந்தது, விற்பனையாகவில்லை, மறக்கப்பட்டது. 1987-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபியூச்சர் என்னும் குழுவினர், பழையதாகக் கழிக்கப்பட்ட டிபி-303 கருவி ஒன்றின் திருகுகளை முறுக்கி ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் பதிவை வெளியிட்டனர். ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகை அதனால் பரவிற்று. கோவாவின் அஞ்சுனாக் கடற்கரையில் வெளிநாட்டு இளைஞர் கூடி நடத்திய இரவு ஆட்டங்களிலும் 1980களில் மின்னிசை புகுந்தது. கலிபோர்னியாவிலிருந்து வந்து கோவா கில் என்றே பெயர்பெற்று 2023-ல் மறைந்தவர் அவ்விசையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். 1990களின் நடுவில் கோவா டிரான்ஸ் எனப் பெயர் பூண்ட அது, பின்னர் சைடிரான்ஸாக வளர்ந்தது. அதன் நெளியும் மேல்வரிகளில் டிபி-303-ன் குரல் ஒலித்தது. உருண்டோடும் கீழ்நாதத்தையோ பிற சின்தசைசர்களிலும், பின்னர்க் கணிப்பொறியிலும் அமைத்துக்கொண்டனர்.

2002-ல் எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் டில்லிக் கடையொன்றில் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்தார். 2010-ல் அதனை மறுபதிப்பாக வெளியிட்டார். சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்னரே பம்பாயில் இவ்வொலியா என்று உலகம் வியந்தது. முதுமையில் அவர் ஐரோப்பிய மேடைகளுக்கு அழைக்கப்பட்டார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆசிட் ஹவுஸை இந்தியரே கண்டுபிடித்தனர் என்று பெருமை பேசுவது எளிது. உண்மைக்கு அது பொருந்தாது. சிகாகோ இளைஞர் இத்தட்டைக் கேட்டனர் என்பதற்குச் சான்றில்லை. ஒரே கருவி இரு நாடுகளில் தனித்தனியே இரு கைகளில் புதுமை பெற்றது என்பதே நேர்மையான முடிவு. கருவியின் பிறப்பிடத்தைக் கொண்டு இசையைத் தள்ளுவதும் முறையன்று. இதே வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. பாலுசுவாமி தீட்சிதர் கையேற்ற வயலினோ இன்று கருநாடக இசைக்கு இன்றியமையாதது.

நம்மை வருத்துவது வேறொன்று. சரண்ஜித் சிங் வாசித்த பாடல்களை நாமும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இருந்து ஆண்டுக்கணக்கில் கேட்டோம். இசையமைப்பாளரையும் பாடகரையும் அறிந்த நாம், கீழிருந்து தாங்கிய வாத்தியக்காரர் பெயரைக் கேட்டறியவில்லை. அதனைச் சொல்ல ஓர் அயல்நாட்டார் வரவேண்டியதாயிற்று. செம்பூரில் ஆர்.கே. ஸ்டூடியோ 2017-ல் தீக்கு இரையாகி, 2019-ல் விற்பனையாயிற்று. தாராவியில் மறுகட்டுமானத்திற்காக வீடுகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. நம் பஜனை மண்டபங்களில் மிருதங்கம் வாசித்தவர், திருவிழாவில் தவில் முழக்கியவர், பொங்கலில் பறை கொட்டியவர் ஆகியோரின் பெயர்கள் எந்த ஏட்டில் உள்ளன? மாட்டுங்காவின் சண்முகானந்த சபை 1952-ல் தோன்றியது நமக்குத் தெரியும். அதே ஆண்டுகளில் தாராவியின் சந்துகளில் வாசித்தவர் யாரென்று தெரியுமா?

அவர்களுள் முதியோர் இன்றும் நம்மிடையே உளர். வீடுகள் இடம்பெயருமுன் அவர்களைக் கண்டு, பெயரும் ஊரும் வாசித்த வாத்தியமும் கேட்டு எழுதி வைத்தல் நம் கடமையாகும். மின்கருவியை இயக்கத் தெரிந்த நம் இளைஞர்களே அவர்களுடைய வாசிப்பைப் பதிவு செய்யவும் வல்லவர்கள். கடிந்துகொள்வதை விடுத்து, இப்பணியில் அவர்களைத் துணை சேர்த்துக்கொள்வோமாக.