பல்கலைக்கழகம், கைத்தொழில், அரசு: கூட்டுறவை அளத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாமன்கடையிலிருந்து ஹவ்லொக் வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், நம் ஆய்வுக்குரிய மூன்று தரப்புகளின் சின்னங்களையும் சிறு தொலைவினுள்ளே காணலாம். 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்ற வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையின் நிலத்தில் இன்று மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. வீதி முடிவுறும் தும்முல்லைச் சந்தியை அண்டிக் கொழும்புப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. பௌத்தாலோக மாவத்தையில், 1955இல் அரசு நிறுவிய விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிலையத்தின் வழித்தோன்றலான கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம் இயங்குகின்றது. ஆயின், இடத்தின் அண்மை உறவின் அண்மையாகாது. இம்மூன்றும் உண்மையில் எவ்வளவு கூடி இயங்கின என்பதை எதனைக் கொண்டு அளப்பது? இவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

இவ்வினா மேலைநாடுகளில் மட்டும் தோன்றியதன்று. 1968இல் ஆர்ஜென்ரீன விஞ்ஞானி ஜோர்ஜ் சாபற்றோ, நத்தாலியோ பொத்தானாவுடன் இணைந்து, அரசு, உற்பத்தி அமைப்பு, விஞ்ஞான அமைப்பு ஆகியவற்றை ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாகக் காட்டினார். முனைகள் இருந்தாற் போதாது. அவற்றை இணைக்கும் பக்கங்கள் வலுப்பெற வேண்டும் என்பதே அவர்தம் வாதம். இலத்தீன் அமெரிக்காவின் பின்தங்கிய நிலையை மாற்றும் வழியைத் தேடிய சிந்தனை அது. 1995இல் எற்ஸ்கோவிற்ஸ், லெய்டெஸ்டோர்வ் ஆகிய இருவரும் இதே மூன்று தரப்புகளை ‘முச்சுருள்’ என்னும் உருவகத்தால் விளக்கினர். இவ்வுறவை எண்ணால் அளக்கும் முறையொன்றை 2003இல் லெய்டெஸ்டோர்வ் முன்வைத்தார். ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் முகவரிகளைப் பல்கலைக்கழகம், கைத்தொழில், அரசு என வகுத்து, ஒரே கட்டுரையில் அவை எவ்வளவு சேர்ந்து வருகின்றன என்பதை, 1948இல் ஷனன் வகுத்த தகவற் கோட்பாட்டின் துணைகொண்டு கணிப்பதே அம்முறையாகும்.

இம்முறை பயனற்றதென்று நாம் கூறவில்லை. நாடுகளை ஒப்பிடவும், காலப்போக்கிலான மாற்றத்தை அறியவும் அது உதவும். எனினும், ஓர் அளவுகோல் தனக்கு அகப்படுவதையே அளக்கும். இலங்கை வரலாற்றின் இரு நிகழ்வுகளை அதன்முன் வைத்துப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும்.

முதலாவது, மருந்துக் கொள்கை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே, மருத்துவரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கையின் விளைவாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலேயே அதன் முதலாவது தலைவரானார். ஏறத்தாழ 2100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகளின் பட்டியல் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டது. வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயர் முன்னிறுத்தப்பட்டது. உலகளாவிய கேள்விமனு மூலம் மலிவான மருந்து வாங்கப்பட்டது. உள்நாட்டு மருந்தாலைகளுக்கான மூலப்பொருளையும் படிப்படியாகக் கூட்டுத்தாபனமே இறக்குமதி செய்யலாயிற்று. விரிவுரை மண்டபத்தில் விளைந்த அறிவு அரசின் கருவியாகிக் கைத்தொழிலின் போக்கையும் மாற்ற முற்பட்டது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைந்த வேறு நிகழ்வு இந்நாட்டில் அரிது.

அப்பிணைப்பு இணக்கமானதாக மட்டும் இருக்கவில்லை. வாந்திபேதி பரவிய வேளையில், கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ட் கம்பனியிடம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெற்றாசைக்கிளின் உறைமாத்திரை தயாரிக்கப் பைசர் கம்பனி இணங்கவில்லை என்பதையும், இவ்விடயத்தில் அமெரிக்கத் தூதுவர் பிரதமரை அணுகினார் என்பதையும், பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் 1977இல் வெளியிட்ட கட்டுரை பதிவு செய்துள்ளது. முகவரிகளை எண்ணும் முறையில் இந்த மறுப்புக்கு இடமில்லை. ஆனால், மூன்று தரப்புகளுள் அதிகாரம் எங்கே நிலைகொண்டிருந்தது என்பதை இந்த ஒரு மறுப்பே புலப்படுத்துகின்றது. பிபிலேயும் விக்கிரமசிங்கவும் 1971இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் கூட்டாக எழுதிய கட்டுரை, அக்கணக்கில் ஒன்றாகப் பதிவாகும். நோயாளியின் கையை எட்டிய மலிவு மருந்து பதிவாகாது.

இரண்டாவது நிகழ்வு இதற்கு நேர்மாறானது. 2008இல் அரசும் பிரண்டிக்ஸ், டயலொக், ஹேலிஸ், லோட்ஸ்ரார், மாஸ் ஆகிய கம்பனிகளும் பங்காளராக அமைந்து இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பணியாற்றினர், காப்புரிமங்கள் பெறப்பட்டன. யூரியாவை மெதுவாக வெளிவிடும் நனோ உரம் பற்றிய அவர்களது கட்டுரை 2017இல் உலகப் புகழ்பெற்ற ஆய்விதழொன்றில் வெளியாகியது. முச்சுருள் அளவுகோலில் இது சிறப்பான பெறுபேறு. ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விவசாயிகள் தவித்தபோது, நனோ நைதரசன் திரவ உரம் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்திறங்கியது. இரண்டும் ஒரே தொழினுட்பமல்ல. எனினும், ஆய்வுக்கூடத்திற்கும் வயலுக்கும் இடைப்பட்ட தூரத்தை இந்நிகழ்வு உணர்த்துகின்றது. இதற்கு விஞ்ஞானிகளைக் குறைகூறுதல் தகாது. ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் மொத்தத் தேசிய உற்பத்தியில் 0.2 விழுக்காட்டைக்கூட ஒதுக்காத நாட்டில், கண்டுபிடிப்பைப் பேரளவு உற்பத்தியாக்கும் ஆலையும் முதலீடும் எங்கிருந்து வரும்?

ஆகவே, கட்டுரைக் கணக்குடன் வேறு மூன்று வினாக்களும் சேர்க்கப்படல் வேண்டுமென நாம் கருதுகின்றோம். ஆராய்ச்சியின் பொருளைத் தெரிவு செய்தவர் யார்? கருத்து முரண்பட்டபோது எவரது முடிவு நிலைத்தது? விளைந்த பயன் விலையாகவோ விளைச்சலாகவோ யாரைச் சென்றடைந்தது? இவற்றுக்கு இறக்குமதிப் பட்டியல்களும் கேள்விமனு விலைகளும் மருத்துவமனைக் களஞ்சியப் பதிவேடுகளும் சான்று தரும். அவை ஆய்விதழ்களின் தரவுத் தொகுதிகளில் கிடைப்பவையல்ல. தேடித் திரட்ட வேண்டியவை.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. முக்கோணமாயினும் முச்சுருளாயினும், ஆலையில் உழைத்தவர்க்கும் மருந்துக்குக் காத்து நின்றவர்க்கும் அவற்றில் ஒரு முனையோ ஒரு புரியோ வகுக்கப்படவில்லை. அவர்களைக் கணக்கிற் கொள்ளாத அளவீடு நிறுவனங்களின் நெருக்கத்தைக் காட்டக்கூடும். அந்நெருக்கத்தால் சமூகம் பெற்றது யாதெனக் காட்டாது.