போன நாள் இருக்கு, வந்த நாள் எங்க?

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்தில எந்த வீட்டிலயும் இந்தத் திகதியைச் சொன்னால் போதும், கதை தானாக வரும். லவுட்ஸ்பீக்கரில அறிவிப்பு வந்தபோது அடுப்பில என்ன இருந்தது, எந்தச் சைக்கிளில ஆர் ஏறினது, ஆடு மாட்டை அவிட்டு விட்டது, எல்லாம் வரும். அதே ஆக்களிடம் "எப்ப திரும்பி வந்தனீங்கள்?" எண்டு கேட்டுப் பாருங்கோ. "சித்திரை வருசம் முடிஞ்ச கையோட" என்பார்கள். "வைகாசியோ என்னவோ" என்பார்கள். கொக்குவிலில் எங்கட வீடுகளில நாங்கள் கேட்டபோதும் இதுதான் கிடைத்தது. போனதுக்கு நாள் இருக்கு, வந்ததுக்கு இல்லை.

நாங்கள் எல்லாரும் அதுக்குப் பல வருசம் கழித்துப் பிறந்த ஆக்கள். ஒவ்வொரு ஒக்ரோபர் கடைசியிலயும் வலிகாமம் இடப்பெயர்வு பற்றிப் பதிவுகள், கவிதைகள், படங்கள் வருகின்றன. ஆறு மாதம் கழித்து நடந்த திரும்பிவருகை பற்றி அப்படி ஒண்டும் வருவதில்லை. ஏன் எண்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விசயம். அந்த இரவு வெளிக்கிட்டவர்களில் பெரும்பாலானோர் ஆறு மாதத்துக்கு எண்டு வெளிக்கிடவில்லை. ஓடிப்போய் ஒதுங்கி, சத்தம் அடங்க வீட்டுக்கு வாறது அவர்களுக்குப் பழகின காரியம். 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் முன்னேறின நேரம் கொக்குவில் சனம் பள்ளிக்கூடங்களிலயும் கோயில்களிலயும் தஞ்சம் புகுந்தது. அகதிகள் தங்கியிருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியிலேயே செல் விழுந்து பலர் செத்தார்கள். மிஞ்சினவர்கள் திரும்பவும் வீட்டுக்குத்தான் வந்தார்கள். 1995 ஜூலையில் இராணுவம் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கையைத் தொடங்கியது. ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றேர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போதும் வலிகாமம் மேற்குச் சனம் இடம்பெயர்ந்தது. படை பின்வாங்க, கொஞ்ச நாளில வீடு திரும்பியது.

ஆகவே ஒக்ரோபர் 17இல் 'ரிவிரெச' தொடங்கி, 30ஆம் திகதி மாலை எல்லாரும் வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி புலிகள் அறிவித்தபோது, கதவைப் பூட்டித் திறப்பை மடியில கட்டிக்கொண்டு போனவர்கள் கனபேர். திறப்பைக் கொண்டுபோறது திரும்பி வாற ஆள்தானே.

போன விதம் பலமுறை எழுதப்பட்டு விட்டது, சுருக்கமாகச் சொல்கிறோம். ஏறக்குறைய நாலைந்து இலட்சம் பேர். தென்மராட்சிக்குப் போக இரண்டே வழி: செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம், மற்றது கோப்பாய் - கைதடிப் பாலம். கொக்குவிலில் இருந்து நாவற்குழி சைக்கிளில ஒரு மணித்தியாலத்துக்குள்ள போற தூரம். அந்த இரவு அது விடிய விடிய நகர்ந்தது. மழை. தண்ணி இல்லாமல் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணியைக் குடித்தார்கள்.

வாகனங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிண்டு சொல்லவேணும். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்கு எரிபொருள் தடை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களுக்குப் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடுவார்கள். மிச்சப்படி மாட்டுவண்டில், லாண்ட்மாஸ்ரர், எல்லாத்துக்கும் மேலாகச் சைக்கிள். கரியரில அரிசிப் பை, பாரில பிள்ளை, கான்டிலில பானையும் வாளியும். ஐரோப்பாவில கட்டில், அடுப்பு, கக்கூஸ் பூட்டின வாகனத்தில மாதக்கணக்காகச் சுத்திப்போட்டு வீடு திரும்புகிற ஆக்களின் வீடியோக்களை நாங்கள் இப்ப யூரியூப்பில பார்க்கிறம். கடைசி வீடியோவில களைப்பும் கொஞ்சக் கவலையும் இருக்கும். வீடு நிண்ட இடத்தில நிற்குமா எண்ட யோசினை மட்டும் இராது. சைக்கிளில வீட்டைக் கட்டிக்கொண்டு போன எங்கட சனத்துக்கு அந்த ஆறு மாதமும் இருந்த யோசினை அது ஒண்டுதான்.

டிசம்பர் தொடக்கத்தில் யாழ் நகரம் இராணுவத்திடம் விழுந்தது. சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், வரணி எங்கும் ஒரு வீட்டில பத்துப் பதினைஞ்சு குடும்பம். தென்மராட்சிச் சனம் தங்கட தாழ்வாரத்தையும் கிணத்தையும் கக்கூசையும் மாதக்கணக்கில பங்கு போட்டதுக்கு நாங்கள் இன்னும் ஒழுங்காக நன்றி எழுதினதில்லை. உரசலும் இருந்தது, கிணத்தடிச் சண்டைகளும் இருந்தன. அதையும் சொல்லத்தான் வேணும்.

1996 ஏப்ரல் 19இல் 'ரிவிரெச' இரண்டாம் கட்டம் தொடங்க, இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தது. எங்களுக்கு இந்த வரலாற்றின் நடுப்புள்ளி இந்த நாட்கள்தான். வன்னிக்கு வரும்படி புலிகள் கேட்டார்கள். கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்தால் மற்றக் கரை வன்னி. மேற்கே திரும்பி நடந்தால் கைதடி, நாவற்குழி, பிறகு வீடு. ஆனால் அந்த வீடு இப்ப இராணுவக் கட்டுப்பாட்டில். ஒரு மரத்தடியில இருந்து முடிவெடுக்க ஒரு நாள், சில குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. வயசுபோன தாய் தகப்பன் வீட்டுக்கு, இளந்தாரிப் பிள்ளையள் வன்னிக்கு எண்டு பிரிஞ்ச குடும்பங்கள் உண்டு. இலட்சக்கணக்கானோர் மேற்கே நடந்தார்கள்.

ஒக்ரோபரில் எல்லாரையும் ஓர் அறிவிப்புக் கிளப்பியது. ஏப்ரலில் அப்படி இல்லை, ஒவ்வொரு குடும்பமும் தானாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. முழுப் போரிலயும் யாழ்ப்பாணத்துச் சாதாரண சனம் எடுத்த ஆகப்பெரிய முடிவு இதுதான் எண்டு நாங்கள் நினைக்கிறம். அதனாலதான் இதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அரசாங்கம் இதை 'மக்கள் விடுவிக்கப்பட்டனர்' எண்டு தன்ர வெற்றிக் கணக்கில எழுதியது. மற்றப் பக்கத்துக்கு இது பேசாமல் விடவேண்டிய விசயம். சனத்தின் காரணங்கள் இரண்டு கணக்கிலயும் அடங்காது. வீடு, தோட்டம், பிள்ளையின்ர சோதினை, கைக்காசு முடிஞ்சது, அடுத்த மாரிக்கு முதல் கூரையைப் பார்க்கவேணும். இதுக்கெல்லாம் ஒரு கொடி பிடிக்கேலாது. கிளாலிக்குப் போனவர்களுக்கும் அவர்களின் காரணங்கள் இருந்தன. 1987 ஞாபகம் ஒண்டே போதும்.

வந்து பார்த்த வீடுகள் பற்றிப் பெரியாக்கள் சொல்லுறது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். படலை இல்லை, கதவு நிலையோட இல்லை, ஓடு இல்லை, முத்தத்தில ஆளுயரப் புல். கிணத்தை இறைச்சுச் சுத்தம் பண்ணாமல் தண்ணி குடிக்கேலாது. மிதிவெடிப் பயத்தில வளவுக்குள்ள கால் வைக்கத் தயக்கம். பூட்டின கதவே இல்லாத வீட்டுக்கு மடியில கட்டின திறப்போட வந்தவர்கள் அந்தத் திறப்பை என்ன செய்தார்கள் எண்டு எங்கட வீடுகளில ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்ததோட பயணம் முடியவும் இல்லை. சென்றிகள், அடையாள அட்டை, சுற்றிவளைப்பு, தலையாட்டி. 1996 நடுப்பகுதியில் இருந்து குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். செப்ரெம்பர் 7ஆம் திகதி சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கைதடி வீட்டுக்குச் சைக்கிளில போகும்போது செம்மணிச் சென்றியில் மறிக்கப்பட்டார். அவரும், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 1998இல் தண்டிக்கப்பட்ட இராணுவத்தினர் ஒருவர், செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறுபிள்ளைகளுடையதும் ஒரு பள்ளிக்கூடப் பையும் அதில் அடங்கும். வலிகாமத்துச் சனம் ஒக்ரோபரில் போனதும் ஏப்ரலில் வந்ததும் இந்தச் செம்மணி வீதியால்தான்.

கிளாலியால் போனவர்களுக்கு வீட்டுப் பயணம் இன்னும் நீண்டது. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சியும் இராணுவத்திடம் போக, அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு எண்டு உள்ளுக்கு உள்ளுக்கு இடம்பெயர்ந்தார்கள். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைக் கடக்க வவுனியாவுக்கு வந்து, முகாமில் இருந்து, பாஸ் எடுத்து, திருகோணமலைக்குப் போய், கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்க வேணும். 2002 ஏப்ரல் 8இல் ஏ9 வீதி திறந்த பிறகுதான் பலர் கொக்குவில் வீட்டைத் திரும்பப் பார்த்தார்கள். ஆறு வருசம். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது.

ஒக்ரோபர் 30 எண்ட திகதிக்குள்ள இன்னொரு கதையும் இருக்கு. சரியாக ஐந்து வருசத்துக்கு முதல், 1990 ஒக்ரோபர் 30இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த மாதம் வடக்கு முழுவதும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கு மேல். சோனகதெரு வெறுமையானது. எங்கட சனம் ஆறு மாதத்தில் திரும்பியது. அவர்களில் பலர் புத்தளத்தில் பிள்ளை, பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஒக்ரோபரும் நாங்கள் பகிர்கிற பதிவுகளில் ஐந்து வருசம் முந்தின அந்த 30ஆம் திகதி இருப்பது மிகக் குறைவு.

எங்கட சேகரிப்பில இப்ப இருப்பது சில வீடுகளின் கதைகள் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் கொக்குவில், தாவடி, கோண்டாவில் பக்கம். அடுத்ததாக மீசாலை, கொடிகாமம் வீடுகளில், அந்த ஆறு மாதம் ஆக்களை வைத்திருந்தவர்களிடம் கேட்கப் போகிறோம். உங்கட வீட்டில கேட்கிறதெண்டால், வெளிக்கிட்ட இரவை அவர்கள் சொல்லி முடிக்கட்டும், மறிக்காதேங்கோ. பிறகு, திரும்பி வந்த அண்டு முதல் நேரம் என்ன சமைச்சது எண்டு கேளுங்கோ. திகதி மறந்தவர்களும் அதை மறக்கவில்லை.