வேறு வேறு ரயில்கள்

இன்ஜினியரிடம் கட்டுரை கேட்டால் பாலமோ டர்பைனோதான் வரும் என்று மலர்க் குழு நண்பர்கள் நினைத்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டது ஓர் இசை. ஆனாலும் புத்தி போவதென்னவோ அதன் டிராயிங் மேல்தான்!

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1988-ல் இயற்றிய 'டிஃபரன்ட் டிரெயின்ஸ்' என்ற நால்வர் இசை அது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, கூடவே ஒலிநாடா. மொத்தம் சுமார் 27 நிமிஷம். குரோனோஸ் குவார்ட்டெட் குழுவுக்காக எழுதப்பட்டு, அதே ஆண்டு லண்டனில் அரங்கேறியது.

ரைஷ் 1936-ல் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அப்பா நியூயார்க்கில், அம்மா லாஸ் ஏஞ்சல்ஸில். 1939 முதல் 1942 வரை ஆயா வர்ஜீனியாவின் துணையோடு இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் போய்வந்துகொண்டிருந்தான் சிறுவன். பின்னாளில் அவருக்கு உறைத்தது: அதே வருஷங்களில் நான் ஐரோப்பாவில் இருந்திருந்தால், என்னை வேறு ரயிலில் அல்லவா ஏற்றியிருப்பார்கள்?

இனி கட்டமைப்புக்கு வருவோம். வர்ஜீனியாவின் பேச்சு, ஓய்வுபெற்ற ரயில் சிப்பந்தி ஒருவரின் பேச்சு, நாஜிக் கொடுமையிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த மூவரின் பேச்சு. இவைதான் அஸ்திவாரம். நாம் சாதாரணமாகப் பேசும்போதே அதில் ஏற்ற இறக்கம் இருக்கிறதல்லவா? அந்தத் துண்டுகளை அப்படியே ஸ்வரப்படுத்தினார். பெண் குரலுக்கு வியோலா, ஆண் குரலுக்குச் செல்லோ. பேச்சுத் துண்டு மாறினால் மொத்த வாத்தியங்களின் வேகமும் மாறும். அதாவது, வேகத்தை நிர்ணயிப்பது இசையமைப்பாளர் இல்லை, பேசியவர்.

மேடையில் நால்வர்தான். ஆனால் நாடாவில் அவர்களே முன்கூட்டி வாசித்த மூன்று நால்வர் அடுக்குகள் உண்டு. ஆக, பதினாறு தந்தி வாத்தியங்கள்! 1965-லேயே நாடாத் துண்டுகளை ஓடவிட்டு இசை செய்தவர் அவர். பழைய சரக்குக்கு இங்கே புது வேலை.

மொத்தம் மூன்று பகுதிகள். போருக்கு முன் அமெரிக்கா: நீளமான ரயில் ஊதல். போர்க்கால ஐரோப்பா: கீச்சென்ற குட்டை ஊதல், அபாயச் சங்கு. போருக்குப் பின்: தப்பியவர்கள் அமெரிக்கா வருகிறார்கள், பழைய ஊதல் மறுபடி கேட்கிறது. ஆனால் அது இப்போது பழைய மாதிரி காதில் விழுவதில்லை. கடைசியில், அழகாகப் பாடிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார் தப்பிய ஒருவர். அவள் பாட்டை ஜெர்மானியர்கள் ரசித்துக் கை தட்டினார்களாம்.

மூன்று பகுதிக்கும் கட்டிய முறை ஒன்றேதான். சரக்குதான் வேறு. நமக்கு உறுத்த வேண்டிய இடம் இது. முகாம்களுக்குப் போன ரயில்களும் தானாக ஓடவில்லை. அவற்றுக்கும் டைம்டேபிள் போட்டவர்கள், எஞ்சினைப் பராமரித்தவர்கள் இருந்தார்கள். வேலை தெரிந்தவர்கள், நம்மைப் போல. வண்டி சரியான நேரத்துக்குப் போகிறதா என்பதோடு, யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்பதும் நம் கணக்கில் சேர வேண்டியதுதான்.