யார்க்சயர் டெரியர்: உருவளவும் தோற்ற வேறுபாடுகளும்

யார்க்சயர் டெரியர் என்பது 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வட பகுதியில் உருவாக்கப்பட்ட சிற்றுருவ நாய் இனம் ஆகும். நீண்ட பட்டுப் போன்ற மயிரும், எஃகு நீலமும் பொன்பழுப்பும் கலந்த நிறமும் இதன் அடையாளங்கள். தூய இனமாகப் பதிவு செய்யப்பட்ட நாய்களுக்குள்ளும் எடை, நிறம், மயிரின் தன்மை ஆகியவற்றில் கணிசமான வேறுபாடுகள் காணப்படுகின்றன. பதிவுச் சான்றிதழ் என்பது வம்சாவளிக்கான சான்றே அன்றி எடைக்கான உறுதிமொழி அன்று.

வரலாறு

வேலை தேடி ஸ்காட்லாந்திலிருந்து யார்க்சயர், லங்காசயர் பகுதிகளின் நெசவாலைகளுக்கு வந்த தொழிலாளர்கள் பல வகையான டெரியர் நாய்களைத் தம்முடன் கொண்டு வந்தனர். எலி பிடிக்க உதவிய இந்நாய்களின் கலப்பிலிருந்தே இவ்வினம் தோன்றியது. 1865 இல் பிறந்து 1871 இல் வண்டியில் அடிபட்டு இறந்த அடர்சு­ஃபீல்டு பென் என்ற நாய் இவ்வினத்தின் தந்தையாகக் கருதப்படுகிறது. இந்நாய் இன்றைய யார்க்சயர் டெரியர்களை விடப் பெரியது. ஆயினும் அதன் குட்டிகள் பல சிறியனவாக இருந்தன. அமெரிக்காவில் நடந்த தொடக்ககாலக் கண்காட்சிகளில் 5 பவுண்டுக்குக் குறைந்தவை, அதற்கு மேற்பட்டவை என இரு பிரிவுகளில் இவை போட்டியிட்டன. ஆகவே உருவளவு வேறுபாடு பிற்காலச் சீர்கேடு அன்று. இனம் தோன்றிய நாள் முதலே உள்ளது.

உருவளவு

பிரித்தானியாவின் கென்னல் கிளப் வகுத்துள்ள இன வரையறையின்படி எடை 3.2 கிலோகிராம் வரை இருக்கலாம். அமெரிக்க கென்னல் கிளப்பின் வரையறையும் 7 பவுண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவே. இவ்வரையறைகளில் குறைந்தபட்ச எடையோ உயரமோ குறிப்பிடப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இவை கண்காட்சிக்கான அளவுகோல்கள். வீடுகளில் வளரும் தூய இன நாய்களில் 4 அல்லது 5 கிலோகிராம் எடை உள்ளவையும் உண்டு. அவ்வாறு வளர்ந்த நாயைக் கலப்பினம் என முடிவு செய்வது தவறாகும்.

நாய்களின் உருவளவைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவற்றுள் முக்கியமானது ஐ.ஜி.எப்-1 என்னும் வளர்ச்சிக் காரணிக்கான மரபணு. சிறிய இனங்களுக்குப் பொதுவான இதன் ஒரு வடிவம் 2007 இல் கண்டறியப்பட்டது. ஒவ்வொரு குட்டியும் தாய் தந்தையரின் மரபணுக்களில் வெவ்வேறு பாதியைப் பெறுவதால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று 2 கிலோகிராமுடனும் மற்றொன்று 4 கிலோகிராமுடனும் வளரக்கூடும். குட்டிப் பருவ ஊட்டமும் நோயும் இதனுடன் சேர்கின்றன.

"தேநீர்க் கோப்பை" நாய்கள்

மிகச் சிறிய குட்டிகளை விற்போர் "டீகப்" என்ற பெயரைப் பயன்படுத்துகின்றனர். இது வணிகப் பெயர் மட்டுமே. மேற்கூறிய இரு அமைப்புகளும் இப்படியொரு பிரிவை ஏற்கவில்லை. சிறியதாக இருப்பதே நோய் என்று கூறிவிட முடியாது. 1944 இல் நியூகினிக் காட்டில் கண்டெடுக்கப்பட்ட சுமோக்கி என்ற நாய் 1.8 கிலோகிராம் எடையே கொண்டிருந்தும், போர்க்களத்தில் நிலத்தடிக் குழாய் வழியே தொலைபேசிக் கம்பியை இழுத்துச் சென்று புகழ்பெற்றது. எனினும் மிகச் சிறியவற்றையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்யும்போது இடர்கள் கூடுகின்றன. சிறு குட்டிகளுக்குச் சில மணி நேரம் உணவு தவறினாலே இரத்தச் சர்க்கரை குறைந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். எலும்பு முறிவும் பற்கள் நெருங்கி முளைத்தலும் மிகுதி. சிறிய பெண் நாய்களுக்குப் பேறு கடினமாவதால் அறுவை தேவைப்படலாம். குட்டி வளராமைக்குச் சில வேளைகளில் கல்லீரலைத் தவிர்த்துச் செல்லும் பிறவி இரத்தக்குழாய்க் குறைபாடும் காரணமாகும்; இக்குறைபாடு யார்க்சயர் டெரியர்களில் பிற இனங்களை விட அதிகம். "அபூர்வச் சிறுகுட்டி" என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவது நோயுற்ற குட்டியாகவும் இருக்கக்கூடும்.

நிறமும் மயிரும்

குட்டிகள் கருமையும் பழுப்புமாகப் பிறக்கின்றன. கருநிறம் படிப்படியாக வெளிறி எஃகு நீலமாவதற்கு மூன்று ஆண்டுகள் வரையும் ஆகலாம். பழுப்பு மயிர் வேரில் கருத்தும் நுனியில் வெளிறியும் இருக்கும். சில நாய்களில் கருமை மாறாமலே நிற்கிறது. சிலவற்றில் வெள்ளிபோல் வெளிறுகிறது. பட்டு மயிருக்குப் பதில் பஞ்சு போன்ற மயிர் அமைவதும் உண்டு. அது எளிதில் சிக்குப் பிடிக்கும்.

இரு பெற்றோரிடமும் மறைந்திருக்கும் ஒடுங்கு மரபணுக்கள் சேரும்போது சாக்லேட் நிறமோ வெண்திட்டுகளோ தோன்றலாம். 1984 இல் செருமனியில் பீவர் தம்பதியர் வளர்த்த யார்க்சயர் டெரியர்களுக்கு வெண்திட்டுகளுடன் ஒரு குட்டி பிறந்தது. அவ்வழி வந்த நாய்களை அமெரிக்க கென்னல் கிளப் 2021 இல் பீவர் டெரியர் என்னும் தனி இனமாக ஏற்றது.

வாலின் தோற்றம் மட்டும் பிறப்பால் வருவதன்று. முன்பு வாலை வெட்டிக் குறுக்குவது வழக்கம். இங்கிலாந்தில் 2007 முதல் அழகுக்காக வால் வெட்டுவது தடை செய்யப்பட்டுள்ளதால், அங்கு பிறக்கும் நாய்கள் முழு வாலுடன் காணப்படுகின்றன.